நுரையீரல் உறையில் வளரும் நார்க்கட்டி: அகற்றிய பிறகே முழுமை பெறும் நோயறிதல்

நுரையீரலை இரண்டு மெல்லிய உறைகள் சூழ்ந்திருக்கின்றன. உள்ளுறை நுரையீரலின் மேற்பரப்போடு ஒட்டி, அதன் மடல்களுக்கு இடையிலுள்ள பிளவுகளுக்குள்ளும் இறங்குகிறது. வெளியுறை விலாக்கூட்டின் உட்புறத்தையும் உதரவிதானத்தின் மேற்புறத்தையும் மூடியிருக்கிறது. இந்த உறைகளில் தோன்றும் கட்டிகள் என்றதும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் மீசோதீலியோமா என்ற கொடிய புற்றுநோயே மருத்துவர்களின் நினைவுக்கு முதலில் வரும். அதே இடத்தில், உறையின் மேல்தோல் அணுக்களுக்கு (செல்களுக்கு) அடியிலுள்ள இணைப்புத் திசுவிலிருந்து, முற்றிலும் வேறு குணம் கொண்ட ஒரு கட்டியும் அரிதாக வளர்வதுண்டு. அதுவே தனித்த நார்க்கட்டி. மருத்துவமனைகளில் இதை சாலிட்டரி ஃபைப்ரஸ் ட்யூமர் என்பார்கள். நுரையீரல் உறையில் தோன்றும் கட்டிகளில் இதன் பங்கு 5 சதவீதத்துக்கும் குறைவு. இது ஆண், பெண் இருபாலரிடமும் ஏறக்குறைய சமமாக, பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதுகளில் காணப்படுகிறது. புகைப்பழக்கத்தோடும் ஆஸ்பெஸ்டாஸோடும் இதற்குத் தொடர்பு இருப்பதாக நிறுவப்படவில்லை. பெரும்பாலானவை பிற உறுப்புகளுக்குப் பரவாத, தீங்கற்ற கட்டிகள்.

அந்தப் ‘பெரும்பாலானவை’ என்ற சொல்லில்தான் இந்நோயின் முழுச் சிக்கலும் இருக்கிறது. ஸ்கேன் படத்தில் சாதுவாகத் தெரியும் கட்டி, எந்தத் தொந்தரவும் இல்லாத நோயாளி, ஊசி மூலம் எடுத்த சிறு துண்டில் அமைதியாகத் தெரியும் அணுக்கள் என மூன்றும் ஒத்துப்போனாலும், இது தீங்கற்றதுதான் என்று அறுவைக்கு முன் உறுதியாகச் சொல்ல வழியில்லை. கட்டியை முழுதாக வெளியே எடுத்து, பல இடங்களில் வெட்டி, நுண்ணோக்கியின் கீழ் பார்த்த பிறகே அந்தத் தீர்ப்பை எழுத முடியும். அதாவது, இங்கே அறுவை சிகிச்சை என்பது சிகிச்சை மட்டுமல்ல, நோயறிதலின் கடைசிப் படியும் அதுவே. ‘சாதாரணக் கட்டிதானே, அப்படியே விட்டுவிடலாமே’ என்று நோயாளியின் குடும்பத்தார் கேட்பது இயல்பு. அதற்கு மருத்துவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கட்டி என்ன வகை என்பதிலேயே நெடுங்காலம் குழப்பம் நீடித்தது. 1931இல் பால் கிளெம்பரர், கோல்மன் ராபின் என்ற இரு மருத்துவர்கள் உறைக் கட்டிகளை ஓரிடத்தில் நிற்பவை, உறை முழுதும் படர்பவை என இரண்டாகப் பிரித்தனர். ஆயினும் முதல் வகையை ‘தீங்கற்ற மீசோதீலியோமா’ என்று அழைக்கும் வழக்கம் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. நோயாளிகளுக்கு வீண் அச்சம் தந்த பெயர் அது. பின்னர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியும் திசுச் சாயப் பரிசோதனைகளும் இக்கட்டி மேல்தோல் அணுக்களிலிருந்து வருவதல்ல என்று காட்டின. 2013இல் இதன் மரபணு அடையாளமும் வெளிப்பட்டது. 12ஆம் குரோமோசோமில் அடுத்தடுத்து அமைந்த நாப்2, ஸ்டாட்6 என்ற இரு மரபணுக்கள், அந்தப் பகுதி தலைகீழாகத் திரும்புவதால் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. அணுவின் வளர்ச்சியை அடக்க வேண்டிய புரதம், இந்த இணைப்பால் வளர்ச்சியைத் தூண்டும் புரதமாக மாறிவிடுகிறது. இந்த மாற்றம் பெற்றோரிடமிருந்து வருவதல்ல. வாழ்நாளில் ஏதோ ஓர் அணுவில் நேர்வது. ஆகவே குடும்பத்தில் மற்றவர்களைச் சோதிக்க வேண்டிய தேவை எழுவதில்லை.

ஏறக்குறைய பாதிப் பேருக்கு இக்கட்டி எந்த அறிகுறியையும் தருவதில்லை. வேறு காரணத்துக்காக எடுத்த மார்பு எக்ஸ்ரேயில், ஓரம் தெளிவாக அமைந்த வட்டமான நிழலாக அது தற்செயலாகத் தென்படுகிறது. கட்டி பெரிதாகும்போது வறட்டு இருமல், மூச்சு வாங்குதல், மார்பில் மந்தமான வலி ஆகியவை தலைகாட்டும். மெல்ல வளர்வதால் உடல் அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. மார்பின் ஒரு பக்கத்தில் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்ட கட்டியோடு, படி ஏறும்போது மட்டும் சற்று இளைக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருபவர்களும் உண்டு. மார்பின் அடிப்பகுதியில் வளர்ந்த பெரிய கட்டி, எக்ஸ்ரேயில் உயர்ந்துவிட்ட உதரவிதானம் போலவோ தேங்கிய நீர் போலவோ தோன்றும். நீர் என்று எண்ணி ஊசி போட்டு இழுத்தும் ஒன்றும் வராத பிறகே சிடி ஸ்கேனுக்கு அனுப்பப்படுவது இத்துறையில் புதிதல்ல.

இரண்டு விசித்திரமான அறிகுறிகளைத் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் இவை நோயாளியை மார்பு மருத்துவரிடம் கொண்டுசெல்லாமல் வேறு எங்கோ திசைதிருப்பி விடுகின்றன. முதலாவது, விரல் நுனிகள் உருண்டு தடித்து, மணிக்கட்டு, கணுக்கால், முழங்கால் மூட்டுகள் வலித்து வீங்குவது. இதற்கு பியர் மரி–பாம்பெர்கர் நோய்க்குறி என்று பெயர். மூட்டுவாதம் என்று கருதி மாதக்கணக்கில் வலி மாத்திரை சாப்பிட்ட பிறகு, யாரோ ஒருவர் விரல் நுனிகளைக் கவனித்து மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லும்போதுதான் கட்டி தெரியவரும்.

இரண்டாவது அறிகுறி அதைவிட அரிது. 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களிடமே, அதுவும் பெரும்பாலும் பெரிய கட்டி உள்ளவர்களிடம் காணப்படுகிறது. நீரிழிவு இல்லாத, இன்சுலின் போட்டுக்கொள்ளாத ஒருவர், விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, சில நேரம் வலிப்பு கண்டு, மயங்கிக் கிடக்கிறார். ரத்தத்தில் சர்க்கரை மிகத் தாழ்ந்திருக்கிறது. குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்து எழுகிறார். மறுநாள் அதே கதை. இதை 1930இல் டோகே, பாட்டர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் தனித்தனியே பதிவு செய்ததால் இது டோகே–பாட்டர் நோய்க்குறி எனப்படுகிறது. இதன் காரணம் பிற்பாடுதான் துலங்கியது. இன்சுலினை ஒத்த ஐஜிஎஃப்-2 என்ற வளர்ச்சிக் காரணியை, முழுமையாகப் பதப்படாத பெரிய வடிவத்தில் கட்டி சுரக்கிறது. வழக்கமாக இக்காரணியை ரத்தத்தில் பிடித்து வைத்திருக்கும் புரதக் கூட்டமைப்புக்குள் இந்தப் பெரிய வடிவம் சரியாக அடங்குவதில்லை. கட்டற்றுத் திரியும் அது இன்சுலின் ஏற்பிகளைத் தூண்டி, தசைகளைச் சர்க்கரையை உறிஞ்ச வைத்து, கல்லீரல் புதிய சர்க்கரை தயாரிப்பதையும் முடக்குகிறது.

இதைப் பரிசோதனையில் பிரித்தறிவது நுணுக்கமான வேலை. சர்க்கரை தாழ்ந்திருக்கும் அந்த நேரத்திலேயே எடுத்த ரத்தத்தில் இன்சுலின், அதனோடு சேர்ந்து சுரக்கும் சி-பெப்டைடு இரண்டும் மிகக் குறைவாக இருந்தால், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கட்டி இல்லை என்பது தெளிவாகிவிடும். ஐஜிஎஃப்-2இன் இணைக் காரணியான ஐஜிஎஃப்-1 குறைந்து, அதனோடு ஒப்பிட ஐஜிஎஃப்-2 பத்து மடங்குக்கு மேல் இருந்தால், குற்றவாளி உடலில் எங்கோ உள்ள ஒரு பெரிய கட்டி என்பது ஏறக்குறைய உறுதி. ஸ்டீராய்டு மாத்திரையும் இடைவிடாத குளுக்கோஸும் சில நாள்களுக்குத் தாக்குப்பிடிக்க உதவும். தீர்வு கட்டியை அகற்றுவதில்தான் இருக்கிறது. அகற்றிய சில மணி நேரத்திலேயே சர்க்கரை அளவு உயரத் தொடங்கிவிடும். ரத்தச் சர்க்கரைக் கோளாறு ஒன்றுக்கு மார்பைத் திறந்து தீர்வு காண்பது மருத்துவத்தில் அதிகம் காணக் கிடைக்காத காட்சி.

சிடி ஸ்கேனில் இக்கட்டி ஓரம் தெளிவாக, மேற்பரப்பு சற்று மேடுபள்ளமாக, உறையை ஒட்டி அமர்ந்திருக்கும். சாய மருந்து செலுத்தினால் ரத்த ஓட்டம் மிகுந்த பகுதிகள் பளிச்சென்று தெரியும். பெரிய கட்டிகளில் இடையிடையே மங்கலான திட்டுகள் இருக்கும். உறைக் கட்டிகள் மார்புச் சுவரோடு விரிகோணத்தில் சேரும் என்பது கதிரியக்கவியலில் பாலபாடம். ஆனால் இக்கட்டி பெரிதாகும்போது அந்தக் கோணம் குறுகிவிடுவதால், நுரையீரலுக்குள்ளேயே தோன்றிய கட்டி என்று மயங்க இடமுண்டு. நோயாளி புரண்டு படுக்கும்போது அல்லது மூச்சை இழுத்து விடும்போது கட்டி இடம் மாறித் தெரிந்தால், அது காம்பில் தொங்குகிறது என்று பொருள். படம் பார்ப்பவருக்கு இதைவிட மதிப்புமிக்க துப்பு அரிது. எம்ஆர்ஐ, கட்டி உதரவிதானத்தையோ பெரிய ரத்தக் குழாய்களையோ வெறுமனே அழுத்துகிறதா, துளைத்துவிட்டதா என்பதைக் காட்ட உதவும். திசுக்கள் சர்க்கரையை உறிஞ்சும் வேகத்தைக் காட்டும் பெட் ஸ்கேனில் தீங்கற்றவை பொதுவாக மங்கலாகவே தெரியும். அதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அடுத்து எழுவது பயாப்ஸி செய்வதா என்ற கேள்வி. மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும் சில அணுக்கள் நார் மிகுந்த இக்கட்டியில் பெரும்பாலும் போதாது; சற்றுத் தடித்த ஊசியால் எடுக்கும் திசுக்கீற்று தேவை. அந்தக் கீற்றில் ஸ்டாட்6 சாயம் அணுக்கருவில் ஏறியிருந்தால் கட்டியின் பெயரைத் துணிந்து எழுதலாம். சிடி34 என்ற இன்னொரு புரதத்துக்கான சாயம் துணைச் சான்றாக நிற்கும். மீசோதீலியோமாவில் படியும் கெரட்டின் சாயம் இதில் வழக்கமாகப் படியாது. ஆனால் பெயர் தெரிந்துவிட்டதால் குணம் தெரிந்துவிட்டதாகாது. ஒரு பெரிய கட்டியின் பெரும்பகுதி சாதுவாக இருக்க, ஒரு மூலையில் மட்டும் அணுக்கள் வேகமாகப் பிளந்துகொண்டிருக்கலாம். ஊசி அந்த மூலையைத் தொட்டதா என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான், ஸ்கேனில் எளிதாக அகற்றக்கூடியதாகத் தெரியும் கட்டியை பயாப்ஸி இல்லாமலே நேரே அறுவைக்கு எடுத்துச் செல்லும் அறுவை மருத்துவர்கள் பலர் இருக்கிறார்கள். அதை அவசரப்போக்கு என்று சொல்ல முடியாது என்பதே என் கருத்து. பயாப்ஸியின் முடிவு எதுவாயினும் அடுத்த படி மாறப்போவதில்லை என்றால் அதைத் தவிர்ப்பதில் நியாயம் உண்டு. மாறாக, கட்டி பெரிதாக இருந்து, நுரையீரல் புற்றுநோய், நடுமார்பிலுள்ள தைமஸ் சுரப்பியின் கட்டி, நரம்பு உறைக் கட்டி, இணைப்புத் திசுப் புற்றுநோயான சார்கோமா ஆகியவற்றின் மீதும் ஐயம் இருந்தால், முன்கூட்டியே திசு எடுப்பது அவசியம். அவற்றுக்கான சிகிச்சைப் பாதையே வேறு.

அறுவையின் தன்மையை முடிவு செய்வது கட்டியின் அளவும் அது எதில் பற்றியிருக்கிறது என்பதும்தான். ஏறத்தாழ 80 சதவீதக் கட்டிகள் நுரையீரலைத் தழுவிய உள்ளுறையிலிருந்து, பெரும்பாலும் ஒரு காம்பின் மேல் வளர்கின்றன. மீதி வெளியுறையிலிருந்து, சில அகன்ற அடித்தளத்தோடு. காம்புள்ள சிறு கட்டி என்றால் வேலை எளிது. விலா இடுக்குகளில் சில சிறு துளைகள் இட்டு, கேமராவைச் செலுத்தி, காம்பு முளைத்த இடத்தில் நுரையீரலின் ஒரு சிறு ஆப்புப் பகுதியையும் சேர்த்து ஸ்டேப்ளரால் தைத்து வெட்டிவிடலாம். காம்பை மட்டும் நறுக்கினால் போதாது. அதன் வேரைச் சுற்றி ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நல்ல திசுவும் கட்டியோடு வர வேண்டும். மீண்டும் முளைப்பது பெரும்பாலும் அங்கிருந்துதான். வெட்டியதை ஒரு பைக்குள் இட்டு, மார்புச் சுவரில் படாமல் வெளியே இழுக்கிறார்கள். இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. நுரையீரல் திசுவை நசுக்கிச் சிறிய துளை வழியே எடுத்துவிடலாம்; இந்தக் கட்டியோ ரப்பர் போல விறைப்பானது, நசுங்காது. துண்டுபோட்டு எடுத்தால் அணுக்கள் சிதறும், நோய்க்கூறியல் பரிசோதனையும் கெடும். ஆகவே ஐந்தாறு சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டிகளுக்கு, எப்படியும் பெரிய வழி திறக்க வேண்டியிருக்கும்போது துளை அறுவையின் ஆதாயம் குறைந்துவிடுகிறது.

பெரிய கட்டிகளின் கதை வேறு. ஆபத்து கத்தியை எடுப்பதற்கு முன்பே, மயக்கம் கொடுக்கும்போதே தொடங்கிவிடும். விழித்திருக்கும்வரை நோயாளி தன் தசைகளின் முறுக்கால் மூச்சுக்குழாயைத் திறந்து வைத்திருக்கிறார். தசைத் தளர்வு மருந்து ஏறியதும் கட்டியின் எடை மூச்சுக்குழாய் மீதும் இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெருஞ்சிரைகள் மீதும் இறங்குகிறது. அறுவைக்காக ஒருக்களித்துப் படுக்க வைக்கும்போது, மேலிருக்கும் பக்கத்துக் கட்டி நடுமார்பின் மேல் சாய்ந்து ரத்த அழுத்தம் சட்டென்று விழக்கூடும். எனவே மயக்க மருத்துவர் இரண்டு நுரையீரல்களையும் தனித்தனியே இயக்க உதவும் இரட்டைக் குழாயைப் பொருத்தி, ரத்த அழுத்தத்தைத் தமனிக்குள்ளேயே அளக்கும் ஏற்பாட்டோடு, படுக்கை நிலையை மெல்ல மெல்ல மாற்றுகிறார். சர்க்கரை தாழும் நோயாளி என்றால் சிறு இடைவெளிகளில் சர்க்கரை அளந்துகொண்டே இருக்க வேண்டும். கட்டியின் ரத்த ஓட்டத்தைத் துண்டித்த பிறகும் குளுக்கோஸை அதே வேகத்தில் விட்டால், இதுவரை தாழ்ந்த சர்க்கரை இப்போது எல்லை மீறி ஏறும்.

மார்பைத் திறந்ததும் தெரிவது வெண்மையும் சாம்பல் நிறமும் கலந்த, வழவழப்பான, மேலே சுருண்ட சிரைகள் ஓடும் ஒரு திரள். இந்தச் சிரைகளை அனுபவமுள்ளவர்கள் மதித்து நடத்துவார்கள். பெரிய கட்டிகள் விலா இடைத் தமனிகள், மார்பின் உட்புறத் தமனி, உதரவிதானத் தமனி என அக்கம்பக்கத்திலிருந்தெல்லாம் ரத்தத்தை இரவல் வாங்கிக்கொள்கின்றன. இதை முன்னதாகவே ஆஞ்சியோகிராமில் கண்டு, அறுவைக்குச் சற்று முன்பு குழாய் வழியே அத்தமனிகளை அடைத்துவிட்டால் ரத்தப்போக்கு வெகுவாகக் குறையும். ஐந்தாம் அல்லது ஆறாம் விலா இடைவெளியில் நுழையும் வழக்கமான வெட்டு போதாதபோது, ஒரே தோல் வெட்டின் கீழ் இன்னொரு விலா இடைவெளியையும் திறப்பதுண்டு. இடம் கிடைக்காமல், கையால் தடவியே ஒட்டுதல்களைப் பிரிக்க வேண்டிய கட்டங்கள் வரும். எங்கே வேர் இருக்கிறது என்று கண்ணால் பார்ப்பதற்கு முன் விரல்தான் கண்டறிகிறது. உதரவிதானத்திலோ மார்புச் சுவரிலோ கட்டி ஊன்றியிருந்தால் அந்தப் பகுதியையும் சேர்த்து வெட்டி, தேவைப்பட்டால் செயற்கை வலையால் மூட வேண்டும்.

இவ்வளவு நாள் அமுங்கிக் கிடந்த நுரையீரல், கட்டி வெளியேறியதும் விரியத் தொடங்குவதை அறுவை அரங்கிலேயே பார்க்கலாம். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நெடுங்காலம் சுருங்கியிருந்த நுரையீரலை வேகமாக விரித்தால் அதற்குள் நீர் கசிந்து மூச்சுத்திணறல் ஏற்படும். ஆகையால் குறைந்த அழுத்தத்தில், நிதானமாக விரிக்கிறார்கள். பிறகு சில நாள்கள் மார்புக் குழாய், வலி அடக்கும் நரம்புத் தடுப்பு ஊசி, ஆழ்ந்து மூச்சிழுக்கும் பயிற்சி என்று வழக்கமான பாதை.

அதே வேளையில் நோய்க்கூறியல் ஆய்வகத்தில் தீர்ப்பு தயாராகிறது. கட்டியின் நீளத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் குறைந்தது ஒரு துண்டாவது, நிறமோ மென்மையோ மாறித் தெரியும் இடங்களிலிருந்து கூடுதலாகவும் எடுத்து ஆராய வேண்டும் என்பது நல்ல நடைமுறை. கண்ணாடித் தகட்டில் கதிர் வடிவ அணுக்கள் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாமல் கிடக்க, நடுவே மான்கொம்பு போலக் கிளைத்த ரத்தக் குழாய்களும் கயிறு கயிறாகக் கொலாஜனும் ஓடும். 1989இல் டக்ளஸ் இங்லண்ட் என்ற நோய்க்கூறியலாளரும் அவருடைய சகாக்களும் 223 கட்டிகளை ஆராய்ந்து வகுத்த அளவுகோல் இன்றும் பேசப்படுகிறது: உயர் உருப்பெருக்கத்தில் பத்துப் புலங்களில் நான்குக்கு மேல் அணுப்பிளவுகள் (செல்கள் இரண்டாகப் பிரிதல்), அணு நெருக்கம், வடிவச் சிதைவு, திசு அழுகல் ஆகியவை தீய குணத்தின் அடையாளங்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. நோயாளி பிழைப்பாரா என்பதை நுண்ணோக்கிக் காட்சியைவிட, கட்டி முழுதாக அகற்றப்பட்டதா என்பதே அதிகம் தீர்மானிக்கிறது. தீய குணம் காட்டிய கட்டிகளிலும் சுத்தமாக எடுக்கப்பட்டவை பல குணமாயின.

2002இல் டி பெரோ என்ற மார்பு அறுவை மருத்துவரும் குழுவினரும் தொகுத்த எண்கள் இதைத் துல்லியமாகக் காட்டுகின்றன. காம்புள்ள தீங்கற்ற கட்டி மீண்டும் வருவது 2 சதவீதம். அகன்ற அடித்தளமுள்ள தீங்கற்றது 8 சதவீதம். காம்புள்ள தீய கட்டி 14 சதவீதம். அகன்ற அடித்தளமுள்ள தீய கட்டியோ 63 சதவீதம். தீங்கற்றது, தீயது என்ற இரண்டு பெட்டிகளுக்குள் இக்கட்டியை அடைப்பதில் நிபுணர்களுக்கு இப்போது நம்பிக்கை குறைந்துவிட்டது. வயது, கட்டியின் அளவு, அணுப்பிளவு எண்ணிக்கை, அழுகிய திசுவின் பங்கு ஆகியவற்றுக்கு மதிப்பெண் தந்து, பரவும் அபாயம் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று பிரிக்கும் முறை 2017 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. 55 வயதைக் கடந்தவருக்கு 15 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டி என்றாலே நான்கு மதிப்பெண் சேர்ந்து, அணுப்பிளவு ஒன்றுகூட இல்லாத நிலையிலும் நடுத்தரப் பிரிவில் வந்துவிடும். ஆகவே அறுவைக்கு மறுநாளே ‘புற்றுநோய் இல்லை, இனிக் கவலை வேண்டாம்’ என்று ஆறுதல் சொல்லி அனுப்புவது அன்பான செயலாகத் தோன்றினாலும் அவசரமானது.

எல்லோருக்கும் அறுவை கட்டாயம் என்றும் இதற்குப் பொருளில்லை. மிக முதிர்ந்த வயதில், இதயமும் நுரையீரலும் தளர்ந்த நிலையில், தற்செயலாகக் கண்ட இரண்டு மூன்று சென்டிமீட்டர் கட்டியை ஸ்கேன் மூலம் கண்காணித்து வருவது நியாயமான தேர்வே. உடல்நிலை இடம் கொடுப்பவருக்கு, கட்டி சிறிதாகவும் காம்போடும் இருக்கும்போதே எடுத்துவிடுவது, பின்னர் பெரிய வெட்டும் ரத்த இழப்பும் சந்திப்பதைவிட எவ்வளவோ மேல்.

முழுமையாக அகற்றப்பட்ட தீங்கற்ற கட்டிக்குப் பிறகு கீமோதெரபியோ கதிர்வீச்சோ தேவையில்லை. கண்காணிப்பு மட்டும் தேவை. முதல் இரண்டு ஆண்டுகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை சிடி ஸ்கேன் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் திட்டம். ஐந்தாண்டு கடந்தால் விடுதலை என்ற புற்றுநோய்க் கணக்கு இங்கே பொருந்தாது. பத்தாண்டுக்கு மேல் அமைதியாக இருந்து, மீண்டும் முளைத்தவை பதிவாகியுள்ளன. முன்பு விரல் தடித்தவருக்கு மீண்டும் மூட்டு வலித்தாலோ, முன்பு சர்க்கரை தாழ்ந்தவருக்கு விடியற்காலை வியர்வை திரும்பினாலோ, அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். திரும்பி வந்த கட்டி ஓரிடத்தில் மட்டும் இருந்தால் மறு அறுவையில் நல்ல பலன் கிடைக்கிறது. அப்போது புதிய கட்டி பழைய குணத்திலேயே இருக்கிறதா, மாறிவிட்டதா என்று ஒப்பிட முதல் அறுவையின் திசு அறிக்கையும் மெழுகில் பதித்துப் பாதுகாத்த திசுத் துண்டுகளும் தேவைப்படும். ஆகவே வேறு மருத்துவமனைக்கு மாறுபவர்கள் ஸ்கேன் குறுந்தகட்டோடு அந்த அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.